ஸ்பேனர் பிடிப்பது நுகர்வுக் கலாச்சாரமா?

போன மாசம் எங்கள் படிப்பு வட்டத்தில் ஒரு சண்டை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக் கூட்டம். வழக்கமாக வருகிற பையன்களில் மூன்று பேரைக் காணோம். ஏன் என்று கேட்டதற்கு ஒரு தம்பி, ‘அவனுக வண்டியப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்கறானுங்கண்ணா’ என்றான். மூத்த தோழர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. ‘அம்பேத்கரைப் படிங்கடான்னா சைலன்சரைப் படிக்கறானுக. அப்பன் சம்பாரிக்கிற காசை ஸ்டிக்கருக்கும் பெயிண்டுக்கும் கொட்டறானுக. இதுக்குப் பேருதான் நுகர்வுக் கலாச்சாரம். நம்ம பசங்களை அது தின்னுக்கிட்டு இருக்குது’ என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் தலையாட்டினேன். வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். அந்தத் தோழர் மேல் எனக்கு மரியாதை உண்டு. எனக்குப் புத்தகம் என்றால் என்னவென்று காட்டியவரே அவர்தான். ஆனால் அன்று அவர் சொன்னது தப்பு. முழுத் தப்பு அல்ல, பாதித் தப்பு. எந்தப் பாதி என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

கூட்டம் முடிந்ததும் நேராக அந்தப் பையன்கள் இருந்த இடத்துக்குப் போனேன். பெருந்துறைக்குத் தெற்கே எங்கள் வளவு. ஒரு வீட்டுச் சுவரை ஒட்டி இறக்கிய தகரச் சாய்ப்பு. கீழே சாக்கு விரித்து அதன்மேல் வண்டியின் உறுப்புகளை வரிசையாக வைத்திருந்தார்கள். நூறு சிசி வண்டி, 2012 மாடல். மதுவிலக்கு வழக்கில் பிடிபட்டு, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வருஷக்கணக்கில் வெயிலும் மழையும் தின்று, கடைசியில் ஏலத்துக்கு வந்தது. மூன்று பேரும் சேர்ந்து எடுத்திருக்கிறார்கள். ஒருவன் சிப்காட்டில் ஒப்பந்தக் கூலி, ஷிப்டு வேலை. ஒருவன் பி.காம். படிக்கிறான். இன்னொருவன் பத்தாவதோடு நின்று கொஞ்ச காலம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எடுபிடியாக இருந்தவன். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கு ரோட்டில் வண்டியை நிறுத்துவார்கள்.

கணக்கு எழுதுவது என் பிழைப்பு. எனவே அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். ஏலத்தொகை வரியோடு சேர்த்து 9,500. செயின், ஸ்பிராக்கெட் செட் 1,100. முன்னும் பின்னும் பிரேக் ஷூ 420. கார்பரேட்டர் கிட் 280. கேபிள்கள் 350. சக்கர பேரிங் 400. பட்டி, எமரித்தாள், பெயிண்ட் 900. சீட்டுக்கு ரெக்சினும் ஸ்பாஞ்சும் 450. ஆக 13,400 ரூபாய். மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு நாலாயிரத்து நானூற்றுச் சொச்சம். நாலு மாசத்தில், கையில் காசு இருந்த அளவுக்கு வாங்கிப் போட்டது. கடன் ஒரு பைசா இல்லை.

இதே பையன் ஷோரூமுக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? எண்பதாயிரம் கடன், மூன்று வருஷம், ‘பன்னிரண்டு பெர்சென்ட்தான் தம்பி’ என்று சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அது பிளாட் வட்டி. அசல் மாசா மாசம் குறைந்துகொண்டே போனாலும் வட்டியை மட்டும் முழு எண்பதாயிரத்துக்கும் கடைசி மாசம் வரைக்கும் போடுவார்கள். மூன்று வருஷத்துக்கு வட்டி 28,800. மாசத் தவணை 3,022 ரூபாய். குறைகிற பாக்கிக்குப் போடுகிற பேங்க் கணக்கில் பார்த்தால் அது 21 சதத்தைத் தாண்டுகிற வட்டி. இரண்டு தவணை தவறினால் போதும், வீட்டுக்கு முன்னால் ஆள் வந்து நிற்பான். வளவில் வண்டி பறிபோன வீடு எத்தனை என்று கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் நுகர்வு எங்கே இருக்கிறது தோழர்? ஷோரூம் சொன்னதைச் சொன்ன விலைக்கு வாங்குகிறவன்தான் நுகர்வோன். அரசும் சந்தையும் சேர்ந்து குப்பை என்று கழித்துவிட்ட ஒன்றை எடுத்து, பிரித்து, கழுவி, உயிர் கொடுத்து ஓட வைக்கிறவனை எந்தக் கணக்கில் நுகர்வோன் என்பது? அவன் உற்பத்தியாளன். நம் கண்ணுக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

அங்கே ஒன்று பார்த்தேன். வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஆக்சிலேட்டரைத் திருகினால் முக்குகிறது. மூன்று பையன்களும் மூன்று காரணம் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவரை டார்ச் லைட் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவனின் தங்கச்சி, பிளஸ் டூ படிக்கிற பொண்ணு, ‘பிளக்கைக் கழட்டிப் பாருங்கண்ணா’ என்றாள். கழட்டினார்கள். கரி பிடித்துக் கன்னங்கரேல் என்று இருந்தது. ‘கருப்பா இருந்தா பெட்ரோல் ஜாஸ்தியாப் போகுதுன்னு அர்த்தம். வெளுத்திருந்தா காத்து ஜாஸ்தி. காப்பிக்கொட்டை நெறத்துல இருந்தாத்தான் சரி’ என்றாள். கார்பரேட்டரை மறுபடி இறக்கி, ஜெட்டைக் கழுவி, காற்றுத் திருகாணியைக் கால் சுற்று கால் சுற்றாக அவளே வைத்தாள். முக்கல் நின்றது. எங்கே படித்தாய் என்று கேட்டேன். ‘பார்த்துக்கிட்டே இருந்தேனுங்க’ என்றாள்.

இன்னொருவன், ஒர்க்‌ஷாப்பில் எடுபிடியாக இருந்தானே அவன், பள்ளிக்கூடத்தில் கணக்கில் பெயிலானவன். பின்னால் 42 பல், முன்னால் 14 பல் என்றால் விகிதம் மூன்று. முன்னால் ஒரு பல் கூட்டி 15 போட்டால் 2.8; இழுவை குறையும், ஆனால் சமரோட்டில் எஞ்சின் கத்தாமல் ஓடும், பெட்ரோல் மிச்சம் என்று எனக்குப் பாடம் எடுத்தான். சென்னிமலை மலைப்பாதையில் இரண்டு பேர் ஏறிப்போக வேண்டும் என்றால் 14தான் சரி என்றான். விகிதமும் விகிதசமமும் அவன் கைக்குத் தெரிந்திருக்கிறது. அதைப் பரீட்சைத்தாளில் இறக்க அவனுக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. பெயிலானது அவனா, பள்ளிக்கூடமா?

சீட்டுத் தைத்தது என் மாமா. பஸ் ஸ்டாண்டு ஓரமாகக் குடை விரித்துச் செருப்புத் தைக்கிறவர். பையன்கள் படம் காட்டி, ‘இந்த மாதிரி வேணுங்க மாமா, நடுவுல கோடு கோடா’ என்று கேட்டிருக்கிறார்கள். ஸ்பாஞ்சைச் சீவி, ரெக்சினை இழுத்து, அதே குத்தூசியால் தைத்துக் கொடுத்துவிட்டார். கோயமுத்தூரில் இந்த வேலைக்கு இரண்டாயிரம் கேட்டார்களாம். மாமாவுக்கு அன்று முகத்தில் ஒரு களை. ‘செருப்பைத் தெச்சா குனிஞ்சு காலைப் பாக்கோணும். இதத் தெச்சா நிமுந்து வண்டியப் பாக்கறேன் கண்ணு’ என்றார்.

இந்த இடத்தில் நமக்குள் ஒரு குழப்பம் இருக்கிறது, அதைப் பேசித்தான் ஆக வேண்டும். சாதித்தொழிலை விட்டு வெளியே வா என்று சொல்லித்தான் நம் இயக்கங்கள் வளர்ந்தன. அது சரி. மலக்குழியும் சாவுப்பறையும் செத்த மாடும் நம் தலையில் கட்டப்பட்டவை, தூக்கி எறிய வேண்டியவை. ஆனால் எறிகிற வேகத்தில் கட்டாயத்தோடு சேர்த்துக் கைத்திறனையும் எறிந்துவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம். சாதி இருப்பது குத்தூசியில் அல்ல. அந்த ஊசியை நீ மட்டும்தான் தொட வேண்டும், வேறு எதையும் தொடக் கூடாது என்ற உத்தரவில்தான் இருக்கிறது.

கொங்கு நாட்டின் விவசாயம் எதில் ஓடியது? கவலையில் ஓடியது. கிணற்றுக்குள் இறங்கி ஏறுகிற அந்தப் பறி தோலால் ஆனது. அடியில் ஒரு தோல் வால். வடக்கயிறு பறியை இழுக்கும், வால்கயிறு வாலை மடக்கிப் பிடிக்கும். மேலே வந்ததும் வால் தானாக நீண்டு தண்ணீரைக் கொட்டும். மாடு பின்னால் நடந்தால் பறி தானாக இறங்கும். எவ்வளவு தோல், எங்கே தையல், எத்தனை எண்ணெய் என்று தெரிந்து அதைச் செய்தவர்கள், கிழிந்தால் அன்றைக்கே தைத்துக் கொடுத்தவர்கள் மாதாரிகள், எங்கள் பாட்டன்மார். அதற்குக் கூலி வருஷத்துக்கு இத்தனை வள்ளம் தவசம் என்று களத்து மேட்டில் நின்று வாங்கியது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது, அதன் பின்னால் கோயமுத்தூரிலேயே மோட்டார் செய்யத் தொடங்கினார்கள், மெல்ல மெல்லக் கவலை போயிற்று. மோட்டார் செய்தவர்கள் ‘தொழில் முனைவோர்’ ஆனார்கள். பறி செய்தவர்கள் பண்ணையாளாகவே நின்றார்கள். இரண்டும் தண்ணீர் இறைக்கிற எந்திரம்தான். ஒன்றுக்கு வரலாறு உண்டு, இன்னொன்றுக்குத் தீட்டு மட்டும் உண்டு.

கோயமுத்தூர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று. கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஒரு பையன். படிப்பில் நாட்டம் இல்லை, பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டான். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டு அதே நினைப்பாக அலைந்தான். கோயமுத்தூரில் ஓட்டலில் சர்வராக வேலை செய்து காசு சேர்த்து அந்த வண்டியை வாங்கினான். வாங்கி ஓட்டிக்கொண்டு திரியவில்லை. அக்கக்காகப் பிரித்துப் போட்டான், திரும்ப மாட்டினான். அப்படித்தான் தொழில் கற்றான். அவர்தான் ஜி.டி. நாயுடு. 1920-இல் பஸ் விட்டார், பிறகு மோட்டார் செய்தார், என்னவெல்லாமோ செய்தார். அவருக்கு மியூசியம் இருக்கிறது. 2025 அக்டோபர் 9 அன்று அவிநாசி ரோட்டில் பத்துக் கிலோமீட்டர் மேம்பாலத்தைத் திறந்து அவர் பெயரையே வைத்தார்கள். ரோட்டுப் பெயர், தெருப் பெயர்களில் சாதியை நீக்கச் சொல்லி அரசு ஆணை போட்ட அதே மாசம்!

அவர் உழைப்பைக் குறை சொல்ல நான் வரவில்லை. உண்மையில் எனக்கு அந்தப் பையனைப் பிடிக்கும். ஓட்டல் பெஞ்சைத் துடைத்துக் காசு சேர்த்து மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்ட பையனை யாருக்குத்தான் பிடிக்காது? என் கேள்வி வேறு. அவர் வீட்டு மொழி தெலுங்கு. எங்கள் வீட்டு மொழியும் தெலுங்குதான். அவர் பிரித்துப் போட்டால் விஞ்ஞானி. எங்கள் பையன் பிரித்துப் போட்டால், ‘ஏதுடா இந்த வண்டி, எங்கடா திருடுன?’ வண்டி ஏலச் சீட்டை மூன்று பேரும் மாற்றி மாற்றிச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார்கள். அந்தக் காலத்தில் அந்த ஓட்டலில் நம்மில் ஒருவன் சர்வராகச் சேர்ந்திருக்க முடியுமா? டம்ளரைத் தொட விட்டிருப்பார்களா? மேதைமை எல்லா வளவிலும்தான் பிறக்கிறது. அது நுழைய ஒரு கதவு திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வண்டி என்பது நம் ஊரில் வெறும் வண்டி அல்ல. என் அப்பன் சைக்கிள் வைத்திருந்தார். ஊருக்குள் நுழைகிற இடம் வந்ததும் இறங்கிவிடுவார். தள்ளிக்கொண்டே நடந்து, கோயிலையும் திண்ணைகளையும் தாண்டி, அந்தப் பக்கம் போய்த்தான் ஏறுவார். சின்னப் பையனாக நான் கேரியரில் உட்கார்ந்திருப்பேன். ‘எதுக்குப்பா எறங்கறே, பஞ்சரா?’ என்று ஒருநாள் கேட்டேன். ‘ஆமாங் கண்ணு, பஞ்சர்’ என்றார். அந்தப் பஞ்சரை ஒட்ட எனக்கு முப்பது வருஷம் ஆகியிருக்கிறது, இன்னும் ஒட்டியபாடில்லை.

அதெல்லாம் பழைய கதை என்று சொல்கிறவர்களுக்கு: 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில், மூன்றாம் ஆண்டு கல்லூரி மாணவர் ஒருவரை வழிமறித்துக் கைகளை வெட்டினார்கள். அவர் தலித். புல்லட் ஓட்டியதைப் பொறுக்காமல்தான் வெட்டினார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி மூன்று பேர் கைதானார்கள். கையைத்தான் வெட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள் தோழர்களே.

இன்னும் பின்னால் போனால் பாபாசாகேப்பின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1929-இல் தீண்டப்படாதோர் குறைகளை விசாரிக்கிற அரசுக் குழு உறுப்பினராக அவர் சாலிஸ்கான் போய் இறங்கினார். எந்தக் குதிரை வண்டிக்காரரும் அவரை ஏற்றிக்கொண்டு போகச் சம்மதிக்கவில்லை. மகர் சேரியின் மக்கள் தங்கள் தலைவரை நடக்க வைப்பதா என்று, வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கம் இல்லாத ஒருவரை ஓட்ட வைத்தார்கள். பாலத்தில் சக்கரம் சிக்கி வண்டி கவிழ்ந்தது. பாபாசாகேப் கல்லில் தூக்கி வீசப்பட்டுக் கால் முறிந்தது. வெளிநாட்டில் பட்டம் வாங்கிய பாரிஸ்டர் அவர். இதில் எனக்குக் கிடைக்கிற பாடம் இரண்டு. ஒன்று, எவ்வளவு படித்தாலும் சாதி வண்டியில் ஏற விடாது. இரண்டு, அதிகம் பேசப்படாதது: கடிவாளம் பிடிக்கப் பழகிய ஒருவன் அன்று நம்மிடம் இருந்திருந்தால் அந்தக் கால் முறிந்திருக்காது. புத்தகம் வேண்டும், கடிவாளமும் வேண்டும்.

கடல் தாண்டியும் இதே கதைதான். 1969-இல் ‘ஈஸி ரைடர்’ என்று ஒரு அமெரிக்கப் படம். அதில் வருகிற, அமெரிக்கக் கொடியைப் பெட்ரோல் டேங்கில் வரைந்த, முன்போர்க்கு நீண்ட மோட்டார் சைக்கிள்தான் உலகத்திலேயே அதிகம் பேர் பார்த்து ஆசைப்பட்ட மாற்றி வடிவமைத்த வண்டி. அதன் பின்னால் இருந்தவர்கள் இரண்டு கறுப்பர்கள். கிளிஃப் வாஸ், சிவில் உரிமைப் போராட்டத்தில் நின்றவர். பென் ஹார்டி, லாஸ் ஏஞ்சலிஸின் கறுப்பர் பகுதியில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக். ஏலத்தில் எடுத்த பழைய போலீஸ் வண்டிகளில் இருந்துதான் அவற்றைச் செய்தார்கள். படத்தின் பெயர்ப் பட்டியலில் இந்த இரண்டு பேரும் இல்லை. உலகத்துக்கு அவர்கள் பெயர் தெரியப் பல பத்தாண்டுகள் ஆயின. நடிகர்களும் தயாரிப்பாளர்களும் ‘கலக நாயகர்கள்’ ஆனார்கள். ஸ்பேனர் பிடித்த கறுப்புக் கை காணாமல் போனது. நம் தகரச் சாய்ப்பில் நடப்பதை நாமும் எழுதி வைக்காவிட்டால் அதே கதிதான்.

இனி, தோழர் சொன்னதில் சரியான பாதி.

சைலன்சர். அதைக் குடைந்து, உள்ளே இருக்கிற தடுப்பை எடுத்துவிட்டு, ‘டப டப’ என்று சத்தம் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பையன்கள் சொல்கிற காரணம் எனக்குப் புரிகிறது. இறங்கித் தள்ளிக்கொண்டு போன ரோட்டில் சத்தத்தோடு போக வேண்டும் என்கிற வெறி அது. அந்த வெறி எனக்கும் உண்டு. ஆனால் அந்தச் சத்தம் முதலில் எழுப்புவது யாரை? திண்ணைக் கவுண்டரை அல்ல. நைட் ஷிப்டு முடித்துவிட்டு வளவில் படுத்திருக்கிற நம் பொம்பளைகளைத்தான், நம் கைக்குழந்தைகளைத்தான். எதிரி காதைக் குடைய நம் அம்மா தூக்கத்தைக் கெடுப்பது கலகம் அல்ல.

சட்டமும் தெரிய வேண்டும். பதிவுச் சான்றில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தின்படி, அப்படி மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலும் போடலாம். வண்டியின் நிறத்தைக்கூட மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லிப் பதிய வேண்டும். லட்சங்கள் கொடுத்து வாங்கிய வண்டியில் பத்து மடங்கு சத்தத்தோடு போகிற முதலாளி வீட்டுப் பையனுக்கு இந்தச் சட்டம் ‘பார்த்துப் போ தம்பி’ என்று சொல்லும். நம் பையனுக்கு எழுத்துக்கு எழுத்து வாசித்துக் காட்டும். சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று நம்பி அல்ல, ஒன்று இல்லை என்று தெரிந்துதான் நாம் அதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஏலச் சீட்டு, பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் இவை ஐந்தும் இல்லாமல் பெயிண்ட் டப்பாவைத் திறக்காதே என்பது என் கட்சி.

அடுத்தது வரிசை. முதல் ரூபாய் பிரேக்குக்கு. இரண்டாவது டயருக்கு. மூன்றாவது லைட்டுக்கும் செயினுக்கும். ஹெல்மெட் இந்தக் கணக்கிலேயே வராது, அது வண்டிக்கும் முந்தியது. மிச்சம் இருந்தால் பெயிண்டும் சீட்டும். மட்கார்டை வெட்டுவது, ஃபிரேமை அறுத்து வெல்டிங் வைப்பது வேண்டவே வேண்டாம். என்.எச்.-இல் லாரிக்கு அடியில் போன நம் பையன்களின் படத்தைப் பிளக்சில் அடித்து அடித்து எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. எதிரியிடம் சாகாமல் வளர்த்த பிள்ளைகளைத் தேய்ந்த பிரேக் ஷூவுக்குக் கொடுப்பதற்கா இயக்கம்?

இன்னொன்றும் நடந்துகொண்டிருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்ததற்குப் பிறகு கார்பரேட்டர் போய், பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கிற வண்டிகளாகிவிட்டன. புகை குறைகிறது, நல்லதுதான். ஆனால் திருகாணியைக் கால் சுற்றுத் திருகிச் சரிசெய்கிற காலம் முடிகிறது. பழுது என்னவென்று பார்க்கவே ஸ்கேனர் வேண்டும். இனி மின்சார வண்டி. கவலையிலிருந்து மோட்டாருக்கு மாறியபோது நம் பாட்டன்மாரை வெளியே நிறுத்தினார்களே, அதே திருப்பம் இது. இந்த முறையும் நாம் வெளியே நிற்கப் போகிறோமா? அந்தப் பொண்ணுக்கு இன்றைக்கு வேண்டியது சில நூறு ரூபாய் மல்டிமீட்டரும், ஐ.டி.ஐ.யில் ஒரு இடமும். அருந்ததியர் உள் ஒதுக்கீடு மூன்று சதம் 2009-இல் வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றமும் உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொல்லிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு போய் மெக்கானிக் படிப்பில் ஒரு பொண்ணைச் சேர்க்க நம்மில் எத்தனை பேர் விண்ணப்பம் வாங்கி வந்தோம்? அவளை டார்ச் பிடிக்க மட்டும் விட்டதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

இப்போது என் குற்றம். இதை எழுதாமல் மற்றவர்களைக் குறை சொல்வது யோக்கியம் அல்ல.

எங்கள் ஊரில் ‘கவுண்டர்’ என்றால் இரண்டு அர்த்தம். இரண்டின் முன்னாலும் நம் ஆள் நின்றுகொண்டுதான் இருக்கிறான். அதில் ஒன்றுக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வளவிலிருந்து ஒரு பையன் வந்தான். டூவீலர் ஒர்க்‌ஷாப் வைக்கக் கடன். ஐம்பதாயிரம். 2015-இல் வந்த முத்ரா திட்டத்தில் ‘சிசு’ கடன் ஐம்பதாயிரம் வரைக்கும், ஜாமீன் கிடையாது என்று பேப்பரில் படித்துவிட்டு வந்திருக்கிறான். கடை எங்கே, வாடகை ஒப்பந்தம் எங்கே என்று உள்ளே கேட்டார்கள். அதுதான் அவனிடம் இல்லை. ஏழு இடத்தில் கேட்டிருக்கிறான். முன்பணம் வரைக்கும் பேசிவிட்டு, எந்த வளவு என்று தெரிந்ததும் ‘மகன் வைக்கறான், மருமகன் வைக்கறான்’ என்று சொல்லிவிட்டார்கள். கடை இல்லாததால் கடன் இல்லை, கடன் இல்லாததால் கடை இல்லை. மனுவைத் திருப்பிக் கொடுக்கிற வேலை என்னுடையது. ‘ஒப்பந்தத்தோட வாங்க தம்பி’ என்று சொல்லிக் கொடுத்தேன். ஏழு இடத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். வீட்டிலேயே வைத்து நடத்துவதாக எழுதிக் கொண்டுவந்து பார் என்று சொல்லியிருக்கலாம். மாலையில் வா, உள்ளே நானே பேசுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பின்னால் வரிசை நீளமாக இருந்தது. அன்று ராத்திரி அதைப்பற்றிக் கவிதை எழுதினேன், ஒரு பத்திரிகையில் வந்தது, நாலு பேர் பாராட்டினார்கள். பையன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். என் கவிதையால் அவனுக்கு ஒரு நட்டுகூடக் கழலவில்லை.

ஆகவே என் யோசனைகள் இவை. படிப்பு வட்டத்தை மாசத்தில் ஒரு ஞாயிறு அந்தத் தகரச் சாய்ப்பில் நடத்துவோம். முதல் ஒரு மணி நேரம் அவர்கள் நமக்குச் சொல்லித் தரட்டும். பிளக்கின் நிறம், ஸ்பிராக்கெட் பல், பிரேக் ஷூ. அடுத்த ஒரு மணி நேரம் நாம் படிப்போம். சாலிஸ்கானில் நடந்ததிலிருந்து தொடங்கலாம். நம் அமைப்பு அலுவலகத்தின் முன்பக்கம் வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கிறது. அதை ஒரு பையனுக்கோ பொண்ணுக்கோ ஒர்க்‌ஷாப்புக்கு முறையாக வாடகை ஒப்பந்தம் போட்டுக் கொடுப்போம். யாரும் கடை தராத ஊரில் நாமே கடை தருவோம். அண்ணல் அம்பேத்கர் பெயரில் 2023-இல் தமிழக அரசு கொண்டுவந்த தொழில் முன்னோடிகள் திட்டத்தில் முதலீட்டில் 35 சதம் மானியம், வட்டியில் ஆறு சதம் சலுகை உண்டு. மனுவை எழுதுவது, இணைக்க வேண்டியதை இணைப்பது, திரும்பி வந்தால் ஏன் என்று எழுத்தில் கேட்பது, இவை என் பொறுப்பு. அந்த வேலையில் பத்து வருஷமாக இருக்கிறேன். இனியாவது நம் பக்கம் நின்று செய்கிறேன்.

சைலன்சரைக் குடைந்திருந்தான் என்றேனே, பத்தாவதோடு நின்றவன். போன வாரம் அவனிடம் இதையெல்லாம் பேசினேன். சட்டம், அபராதம், நைட் ஷிப்டு எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டு துணியில் கையைத் துடைத்தான். ‘மாத்திடறேனுங்கண்ணா. ஆனா எறங்கித் தள்ள மாட்டேன்’ என்றான்.

அது போதும். கூட்டத்துக்கு அவன் வரவில்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். நாம்தான் இன்னும் அவனிடம் போகவில்லை. அடுத்த ஞாயிறு பத்து மணி, தகரச் சாய்ப்பு. பழைய துணி இருந்தால் எடுத்து வாருங்கள், கை துடைக்க.